இரண்டு முக்கால் அங்குலம்

நேற்று ராத்திரி வேனுக்குப் பக்கத்தில், கீசர் மூடிக்கு நேர் கீழே ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவை வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் டப்பா காய்ந்து கிடக்கிறது, உள்ளே ஒரு எறும்பு மட்டும். மூன்று வாரம் கழித்து இன்றைக்குத்தான் சொட்டு நின்றிருக்கிறது. டர்பனில் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட வீட்டில் யாரும் தயாராக இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

வேன் பழைய மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர். உள்ளே இருப்பது சபர்பன் கம்பெனியின் ஆறு கேலன் கேஸ் கீசர், நம் கணக்கில் 22.7 லிட்டர். முன்னாடி வைத்திருந்தவர் போட்டது. ஆகஸ்ட் 9 பெண்கள் தின விடுமுறையோடு சேர்த்து டிராக்கன்ஸ்பெர்க் பக்கம் மஹாய் முகாமுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே பொதுக் குளியலறை இருக்கிறது, ஆனால் மாமனாருக்கு விடியற்காலை நாலரைக்குக் குளித்துவிட்டு விளக்கேற்ற வேண்டும், அதுவும் ஆடி மாதம், விட மாட்டார். இங்கே ஆகஸ்ட் குளிர்காலம், உறைபனி படிந்த புல்லில் துண்டைக் கட்டிக்கொண்டு அவரை நடக்க விட முடியுமா? ஆக வேனிலேயே சுடுதண்ணீர் வந்தாக வேண்டும். தண்ணீரில் போன தடவையே அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தது. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க அதற்குப் பதிலாகத் தான் கரைகிற மெக்னீசியம் கம்பி, ஆனோடு ராடு, அதைக் கழற்றிப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்தேன். நான் வாங்கியதிலிருந்து கழற்றவே இல்லை. சரி, நம் தப்பு.

கழற்றுவதே ஒரு நாள் வேலை. 1 1/16 அங்குல சாக்கெட் தேடி அலையாதீர்கள், 27 மில்லி கச்சிதமாக உட்காரும், வித்தியாசம் மயிரிழைதான். ஆனால் எக்ஸ்டென்ஷன் வேண்டும், ஆறு முனை சாக்கெட்டாக இருக்க வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட்டை வைத்து முதலில் ஒரு முனையை மழுங்கடித்தவன் சொல்கிறேன். துரு இளக்கும் க்யூ-20 ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் இரண்டடி பிரேக்கர் பாரில் (நீளக் கைப்பிடி) தொங்கியபோது "டக்" என்று ஒரு சத்தம். உடைந்தது மரையா, என் தோள்பட்டையா, கீசரா என்று ஒரு விநாடி புரியவில்லை. இளகித்தான் வந்தது. வெளியே வந்ததைப் பார்த்தால் ராடே இல்லை. நடுவில் இருக்கும் இரும்புக் கம்பி மட்டும், அதன் அடியில் கட்டைவிரல் அளவுக்கு மெக்னீசியம். முக்கால்வாசி கரைந்தாலே மாற்றிவிட வேண்டும் என்பது கணக்கு. இது எப்போதோ அதைத் தாண்டியாயிற்று. அந்தக் கட்டை கரைந்து முடிந்திருந்தால் அடுத்து தொட்டிதான்.

பின்னாலேயே வெள்ளைச் சேறும் முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்புச் சில்லும் கொட்டின. டர்பன் குழாய்த் தண்ணீர் மென்மையானது, அதில் இவ்வளவு படியாது. இது போன வருடம் கரூ வறண்ட பிரதேசத்தில் சுற்றிய பத்து நாளின் பரிசு. அங்கே எங்கே நிறுத்தினாலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், சோப்பே நுரைக்காது. வெள்ளை வினிகரைப் பாதிக்குப் பாதி கலந்து ஒரு ராத்திரி வைத்து அலசினேன். ஏழு வாளி போன பிறகுதான் தெளிவாக வந்தது. வேன் முழுக்க ஊறுகாய் வாசனை. மனைவி இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

இதுவரை எல்லாம் சரி. இனிமேல்தான் என் புத்தி மரை கழன்றது.

இணையத்தில் ஒருவரிடம் புது ஆனோடு வாங்கினேன். பெயர் வேண்டாம். "கேரவன் கீசர், முக்கால் அங்குலம், மெக்னீசியம்" என்று போட்டிருந்தது, விலையும் பாதி. வந்ததும் டெஃப்லான் டேப் மூன்று சுற்று சுற்றி ஏற்றினேன். கையால் இரண்டு சுற்று போனது, அப்புறம் சட்டென்று பிடித்துக்கொண்டது. பாரைப் போட்டு முறுக்கினேன். தண்ணீர் ஏற்றி, சூடாக்கி, ஆறவிட்டால், சொட்டு. நிமிடத்துக்கு ஒன்று, கடிகாரம் மாதிரி. கழற்றி ஏழு சுற்று டேப். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. மறுபடி கழற்றி பேஸ்ட் பூசி அதன் மேல் டேப். ஒரு நாள் நின்றது, எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், மறுநாள் மறுபடி சொட்டு. தொட்டியின் அடி வெடித்துவிட்டது என்றே முடிவுகட்டி புது கீசர் விலையெல்லாம் பார்த்து வயிறு எரிந்தேன்.

கடைசியில் டர்பனிலேயே ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு ஹைட்ராலிக் கடை. அங்கே கவுண்டரில் இருந்த பெரியவர் இரண்டு ராடையும் கையில் வாங்கினார், மரையை அளக்கும் கேஜ் ஒன்றை எடுத்து வைத்தார், சிரித்தார். பழைய ராடு அமெரிக்க மரை, என்பிடி. புதுசு பிஎஸ்பி, இங்கே நம் குழாய்க்கடையில் எல்லாம் கிடைக்கும் அதே மரை. முக்கால் அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான், அதனால்தான் ஏமாற்றுகிறது. ஒரு அங்குல அளவில் இரண்டுக்கும் எண்ணிக்கை வேறு, உடனே தெரிந்துபோகும். ஆனால் மரையின் கோணம் என்பிடிக்கு 60 டிகிரி, பிஎஸ்பிக்கு 55. அதோடு என்பிடி சரிவாகப் போகும், 16க்கு 1. நான் வாங்கியது நேர் மரை. என்பிடியில் என்பிடி போனால் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும், கையிலேயே மூன்று நான்கு சுற்று போகும், அப்புறம் சாவி. என்னுடையது இரண்டு சுற்றில் குறுக்கே நின்றபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டு மரைக்கும் நடுவே சுருளாக ஒரு இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கிறது, அதற்குள் நான் எத்தனை டேப் அடைத்தாலும் சூடு ஏறி இறங்கினால் தண்ணீர் வழி கண்டுபிடிக்கத்தான் செய்யும். "டேப் வாங்குற காசுல ஒரு கேஜ் வாங்கியிருக்கலாம்" என்பதை அவர் அவருடைய மொழியில் சொன்னார், எனக்கு அப்படித்தான் கேட்டது.

டார்ச் அடித்துத் தொட்டியின் மரையைப் பார்த்தேன். முதல் சுற்றில் மட்டும் லேசான தழும்பு. பிழைத்தது.

அவரிடம் என்பிடி ஆனோடு இல்லை, அதைத் தருவித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு அவரே ஒரு பித்தளை என்பிடி பிளக் கொடுத்தார். டேப் மூன்றே சுற்று, கையாலேயே நாலு சுற்று போயிற்று, பாரில் மெதுவாக ஒன்றரை. அதுதான் காய்ந்த டப்பா. பிளக்கையே வைத்துக்கொள்ளேன் என்று கேட்பவர்களுக்கு, இது பீங்கான் பூச்சு போட்ட எஃகுத் தொட்டி. ஆனோடு இல்லாமல் வருடக்கணக்கில் ஓட்டினால் பூச்சில் விரிசல் விட்ட இடமெல்லாம் துரு தின்னும். அலுமினியத் தொட்டிக்காரர்கள் பிளக்கோடு இருக்கலாம், அவர்கள் அதிர்ஷ்டம்.

டேப் சுற்றினால் ஆனோடுக்கும் தொட்டிக்கும் மின் தொடர்பு அறுந்துவிடும், பிறகு ஆனோடு வேலை செய்யாது என்று ஒரு நண்பர் சத்தியம் செய்தார். ஏழு சுற்று டேப் இருந்தபோதே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், அரை ஓம் கூட இல்லை. மரை இறுகும்போது டேப்பைக் கிழித்துக்கொண்டு உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடுகிறது. இந்த வாதத்தை என் வரையில் மூடுகிறேன்.

இன்னொரு சொட்டு, இது வேறு. பிரஷர் வால்வு நுனியில் நேற்று இரண்டு துளி. பயந்துவிட்டேன், ஆனால் காரணம் தொட்டியை நிரம்ப நிரப்பியது. மேலே காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் தண்ணீர் சூட்டில் விரிந்து அங்கேதான் வரும். ஆறவிட்டு, பம்பை நிறுத்தி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, வால்வு நெம்புகோலைத் தூக்கி ஒழுகுவது நிற்கும்வரை விட்டு மூடினேன். நின்றது. பர்னர் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது, அதையும் எடுத்தேன். தீ மஞ்சளாக ஆடியது இப்போது நீலம். கேஸ் இணைப்பை மட்டும் நான் தொடுவதில்லை, அதற்குப் பதிவு பெற்ற ஆள் சனிக்கிழமை வருகிறார்.

அடுத்து, சுடுதண்ணீரில் பச்சைத்தண்ணீர் கலந்து விடும் கலப்பு வால்வு ஒன்று போட வேண்டும். காரணம் மாமனார். இங்கேயே பிறந்தவர், தமிழ் அவருக்குக் கோயிலிலும் சமையலறையிலும்தான், ஆனால் இன்று காலை வீட்டு வாசலில் வேன் குழாயில் ஒரு குவளை பிடித்து மேலே ஊற்றிக்கொண்டு தெளிவாகத் தமிழில் கத்தினார்: "மாப்பிள்ளே, சுடுது!"

ஆனோடு பெட்டி ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்திருக்கிறது. வந்ததும் முதலில் கேஜ். நேற்றுதான் ஒன்று வாங்கினேன். டப்பாவை இன்று ராத்திரியும் வைக்கிறேன்.