கிணற்று நீச்சல்காரனும் சுவர்க் கடிகாரமும்

நான் நீச்சல் படித்தது சங்கரன்கோவில் பக்கம் எங்கள் பெரியப்பா தோட்டத்துக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மேட்டில் நிற்க வைத்து, பின்னாலிருந்து ஒரே தள்ளு. அவ்வளவுதான் கோச்சிங். மூன்றாம் நாள் குடுக்கை போனது, ஒரு வாரத்தில் கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்தேன், அதற்கப்புறம் முப்பது வருடம் எனக்கு நீச்சல் தெரியும் என்ற எண்ணத்திலேயே வாழ்ந்துவிட்டேன்.

அந்த எண்ணம் உடைந்தது நான் இப்போது இருக்கிற தென்னாப்பிரிக்காவின் டர்பனில், என்னுடைய முதல் 70.3 போட்டியில், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய ட்ரயத்லானில். 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சலுக்கு ஒரு மணி பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் 58 நிமிடத்தில் கரையேறினேன். தப்பித்தேன், ஆனால் சைக்கிள் வைத்திருந்த இடத்தில் என்னுடையதும் இன்னும் சிலருடையதும்தான் தொங்கிக்கொண்டிருந்தன. கால் நடுங்க ஹெல்மெட் மாட்ட இரண்டு நிமிடம் ஆனது. ஓட்டத்தில் நான் மோசமில்லை, இந்த ஊரில் பாதிப் பேர் காம்ரேட்ஸ் என்ற சுமார் தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டப் போட்டியில் ஓடினவர்கள், அவர்களோடு சேர்ந்து ஓடியே கால் பழகிவிட்டது. நீச்சலில்தான் மானம் போனது.

சரி, நிறைய நீந்தினால் வேகம் தானாக வரும் என்று நினைத்தேன். வாரம் மூன்று நாள் குளத்துக்குப் போய், நிற்காமல் இரண்டு கிலோமீட்டர் நீந்திவிட்டு வந்தேன். நான்கு மாதம். கடைசியில் வாட்சைப் பார்த்தால் வேகம் மாறவே இல்லை. அதே மெதுவான நீச்சல், கொஞ்சம் களைப்பில்லாமல். இதைத்தான் ட்ரயத்லான்காரர்களில் முக்கால்வாசிப் பேர் செய்கிறோம் என்பது என் கணிப்பு. ஓட்டத்திலும் சைக்கிளிலும் நேரம் போட்டால் கொஞ்சமாவது பலன் வரும். தண்ணீர் அப்படி இல்லை. காற்றைவிட எண்ணூறு மடங்கு அடர்த்தியான ஒன்றைக் கிழித்துக்கொண்டு போகிறோம், உடம்பு கோணலாக இருந்தால் எவ்வளவு பலம் போட்டாலும் அந்தக் கோணலுக்குத்தான் தீனி.

இதை எனக்குச் சொன்னது ஓர் ஆன்டி. அறுபத்தைந்து வயதிருக்கும், டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்காரர், நான் போகிற 25 மீட்டர் குளத்தில் தினமும் காலை ஐந்தரைக்கே பக்கத்து லேனில் இருப்பார். இங்கே வயதில் பெரியவர் யாராக இருந்தாலும் ஆன்டி, அங்கிள்தான். தமிழ் என்றால் அவரிடம் ஆயா விட்டுப்போன நூறு வார்த்தை இருக்கும். சோறு, சாமி, தண்ணி, வா, போ, மெதுவா. ஒரு நாள் லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தார். “தம்பி, நீ தண்ணியில எதைத் தேடுற?” என்றார். பாதி இங்கிலீஷ், பாதி ஆயா தமிழ்.

நான் தேடவில்லை, ஆனால் என் தலை தேடிக்கொண்டிருந்தது. கிணற்றில் தலையைத் தூக்கித்தான் நீந்துவோம். தண்ணிப் பாம்பு எந்த மூலையில் இருக்கிறது, மேலேயிருந்து எவன் தலையில் குதிக்கப் போகிறான் என்று பார்க்க வேண்டாமா? அதோடு, கிணற்றில் பத்து கை போட்டால் எதிர்ச் சுவர் வந்துவிடும். அங்கே வேண்டியது குதிப்பதும் முங்குவதும் மிதப்பதும்தான். நீளவாக்கில் தூரம் போக வேண்டிய வேலையே இல்லை. முப்பது வருடமாக நான் தெரிந்து வைத்திருந்தது வேறொரு வித்தை.

துலா ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு முனை ஏறினால் மறுமுனை இறங்கும். நெஞ்சில் காற்று இருக்கிறது, அது மிதக்கும். கால் கனம், அது தாழும். தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கும், இடுப்போடு காலும் போகும், அப்புறம் நாம் நீந்துவதில்லை, ஒரு சாக்குமூட்டையை இழுத்துக்கொண்டு போகிறோம். இதற்கு ஆன்டி ஒரு சோதனை வைத்தார். தொடைகளுக்கு நடுவே ஒரு மிதவையை வைத்து நூறு மீட்டர், அது இல்லாமல் நூறு மீட்டர். மிதவையோடு பன்னிரண்டு விநாடி குறைவு! கால் உதைக்காமலே வேகம் கூடுகிறது என்றால், உதைத்தபோது என் கால் என்ன செய்துகொண்டிருந்தது? சந்தோஷப்பட்டு இனி மிதவையோடே பயிற்சி செய்கிறேன் என்றேன். அன்றைக்கே அதை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார். (வெட்சூட் என்கிற ரப்பர் நீச்சல் உடை போட்டாலும் இப்படித்தான் கால் மேலே வரும். ஆனால் டர்பன் கடலில் கோடையில் வெட்சூட் ஆசையே வேண்டாம், தண்ணீர் அவ்வளவு வெதுவெதுப்பு. ஜூனில் பரவாயில்லை.)

அடுத்தது கடிகாரம். குளத்துச் சுவரில் பெரிய விநாடி முள்ளோடு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்குமே, அதை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். ஆன்டிக்கு அதுதான் சாமி. முதலில் ஒரு டெஸ்ட். நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 400 மீட்டர் முழு மூச்சில், ஓய்வெடுத்துவிட்டு 200 மீட்டர் முழு மூச்சில். 400-இன் நேரத்திலிருந்து 200-இன் நேரத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் வருவது நூறு மீட்டருக்கான உங்கள் அளவு. கிரிட்டிக்கல் ஸ்விம் ஸ்பீட் என்பார்கள், சுருக்கமாக சி.எஸ்.எஸ். ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தின் எல்லைக்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 400 மீட்டர் 10:20, 200 மீட்டர் 4:50. வித்தியாசம் 5:30, பாதி 2:45. ஆக நூறு மீட்டருக்கு 2 நிமிடம் 45 விநாடி. இருநூறை வேகமாக முடிக்கிறவன் நானூறில் இவ்வளவு தொங்குகிறான் என்றால் ஆரம்பத்தில் பாய்ந்துவிட்டு அப்புறம் சாகிறான் என்று அர்த்தம். கணக்கு பொய் சொல்லவில்லை, நான் அப்படித்தான்.

அந்த எண் கையில் வந்த பிறகு வாரத்தின் மூன்று நாளும் மூன்று விதமாகிவிட்டன. செவ்வாய்க்கிழமை முழுக்க நுட்பம், அதுவும் உடம்பு களைப்பில்லாமல் இருக்கும்போது. 25 மீட்டர், 50 மீட்டர் துண்டுகளாக, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம். முதல் மூன்று வாரம் மூச்சை வெளியே விடுவது மட்டும்! முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுக்கக் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம், மூச்சை அடக்கிக்கொண்டு, தலை வெளியே வந்ததும் அந்த அரை விநாடிக்குள் விடுவதும் இழுப்பதும் இரண்டையும் செய்யப் பார்க்கிறோம். மூச்சு முட்டுவதற்குக் காரணம் காற்று போதாமை என்று நினைக்கிறோம், உண்மையில் பெரும்பாலும் உள்ளே தேங்கின கரியமில வாயுதான் அந்தத் தவிப்பைத் தருகிறது. இது சரியானதும் என் பயத்தில் பாதி காணாமல் போயிற்று. அப்புறம்தான் கை. முழங்கை மேலே நிற்க, முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து ஒரு துடுப்பாகத் தண்ணீரைப் பின்னால் தள்ள வேண்டும். நான் கீழே அழுத்திக்கொண்டிருந்தேன். கீழே அழுத்தினால் உடம்பு மேலே எழும்பும், முன்னால் போகாது. கையை முஷ்டியாக மூடிக்கொண்டு 25 மீட்டர் நீந்தச் சொல்வார், திறந்ததும் உள்ளங்கை முறம் மாதிரி பெரிதாகத் தெரியும்.

வியாழக்கிழமைதான் அசல் வேலை. பத்து நூறு மீட்டர், ஒவ்வொன்றுக்கும் நடுவே 15 விநாடி மட்டும் ஓய்வு. எனக்கு 2:45 என்பதால் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்ப வேண்டும். முள் உச்சிக்கு வந்ததும் கிளம்பு, வேறு பேச்சில்லை. ஓய்வு ஏன் இவ்வளவு குறைவு என்றால், நெஞ்சுத் துடிப்பு முழுதாக இறங்குவதற்குள் அடுத்தது தொடங்கிவிட வேண்டும். ஆனால் அந்தப் பதினைந்து விநாடி இருப்பதால்தான் நீச்சல் உருக்குலையாமல் இருக்கிறது. நிற்காமல் ஒரு கிலோமீட்டர் போனால் நானூறு மீட்டருக்கு அப்புறம் கை கெட்டுப்போய், மிச்சம் அறுநூறும் கெட்ட பழக்கத்தைப் பழகிக்கொண்டிருப்போம்.

இதில் ஒரே ஒரு சட்டம், பத்தாவது நூறும் முதல் நூறும் ஒரே நேரம் வர வேண்டும். முதல் நாள் நான் 2:33-இல் தொடங்கி 2:58-இல் முடித்தேன். ஆன்டி கை தட்டவில்லை. “முதல்லயே காசையெல்லாம் செலவழிச்சுட்டு மாசக் கடைசியில கடன் கேக்குற” என்றார். முதல் மூன்று நூறும் ரொம்ப லேசாக, வெட்கமாகக்கூட இருக்கும். இருக்கட்டும். ஏழாவதில் தெரியும். இன்னொன்று, சுவரைத் தொட்டால்தான் முடிந்தது, இரண்டு கை முன்னாலேயே எழுந்து நிற்பது கணக்கில் வராது. இதற்கு அவர் எப்போதும் இழுப்பது டர்பன் பையன் சாட் லெ க்ளோவை. 2012 லண்டன் ஒலிம்பிக், 200 மீட்டர் பட்டர்ஃப்ளை, கடைசித் தொடுகையில் 0.05 விநாடியில் மைக்கேல் ஃபெல்ப்ஸைத் தாண்டின கதை. நான் அவரிடம் அதைக் குறைந்தது நாற்பது முறை கேட்டிருப்பேன்.

லோட் ஷெட்டிங், அதாவது முறை வைத்து மின்வெட்டு, மும்முரமாக இருந்த காலத்தில் ஒரு மாலை நாலாவது நூறில் விளக்கும் கடிகாரமும் ஒரே நேரத்தில் அணைந்தன. விட்டது தொல்லை என்று நினைத்தேன். இருட்டில் ஆன்டியின் குரல், “பன்னெண்டு, பதிமூணு, பதினாலு, போ!”

பத்து நூறு பழகினதும் ஆறு இருநூறு, அப்புறம் ஐந்து முந்நூறு என்று துண்டுகள் நீண்டன. ஆறு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி டெஸ்ட். எண் குறைந்தால் கிளம்பும் நேரமும் குறையும். இடையில் இரண்டு டெஸ்டில் ஒரு விநாடிகூட அசையவில்லை, அப்போது சண்டை போட்டேன்.

ஞாயிறு கடல். வெட்ச் கடற்கரைப் பக்கம் அலை கொஞ்சம் அடங்கியிருக்கும், அங்கே. குளத்தில் அடிக்கோடு இருக்கிறது, கடலில் எவன் கோடு போட்டு வைத்திருக்கிறான்? ஆறு எட்டு கைக்கு ஒரு முறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தூக்கி, வழி காட்டும் மிதவையைப் பார்த்துவிட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுக்க வேண்டும். தலை முழுக்க வெளியே வந்தால் மறுபடியும் அந்தத் துலாக் கதைதான். முதல் போட்டியில் நான் வளைந்து வளைந்து கூடுதலாக எவ்வளவு தூரம் நீந்தினேனோ தெரியாது. முன்னால் போகிறவரின் பாதத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதும் அங்கேதான் பழகினேன். சைக்கிளில் அப்படி ஒட்டினால் நம் வகைப் போட்டியில் தண்டனை, நீச்சலில் தாராளமாகச் செய்யலாம், நல்ல அளவு உழைப்பு மிச்சம். காலைத் தொட்டுத் தொட்டு எரிச்சலூட்டாமல் இருந்தால் சரி. அம்மா போன் பண்ணும்போதெல்லாம் சுறாவைப் பற்றித்தான் கேட்பார். 1952-லிருந்தே இங்கே சுறா வலை போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன், மத்தி மீன் வரும் காலத்தில் தெற்குக் கரையில் அந்த வலையைத் தூக்கிவிடுவார்கள் என்பதைச் சொல்லவில்லை.

நீந்தி முடித்து ஒரு பீன்ஸ் பன்னி சௌ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் ஊற்றின பீன்ஸ் குழம்பு. கரையில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் ஆன்டி ஒரு நாள் சொன்னார், சின்ன வயதில் இந்தக் கடற்கரையின் நல்ல பகுதிகளில் இந்தியர்கள் கால் வைக்க முடியாதாம். பொது இடங்களை இனம் பார்த்துப் பிரித்த, 1953-இல் வந்த தனி வசதிச் சட்டம் 1990-இல்தான் ரத்தானது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்ற பலகையைத் தாண்டி அவர் முதல் முறை இங்கே தண்ணீரில் இறங்கியபோது வயது முப்பதாம். நீந்தவே தெரியாதாம். நான் கிணற்றுப் பெருமை பேசினதையெல்லாம் நினைத்துக்கொண்டு பன்னியை மென்றேன். அதற்கப்புறம் மிட்மர் அணையில் அந்த ஒரு மைல் நீச்சலை அவர் எத்தனை முறை முடித்திருக்கிறார் என்று கேட்டால், எண்ணுவதை நிறுத்திவிட்டேன் என்கிறார். அது 1974-இலிருந்து நடக்கிறது, பிப்ரவரியில். சில வருடம் தைப்பூசக் காவடியும் அதே வாரத்தில் வந்து மாட்டும். பத்து நாள் விரதத்தில் வியாழக்கிழமை செட் வேண்டாமே என்று கெஞ்சினேன். “முருகன் பாத்துக்குவான், நீ கடிகாரத்தைப் பாரு” என்றார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் கிடைக்கும், நீச்சலை 45 நிமிடத்தில் முடிக்கிறீர்கள் என்றால், அதிலிருந்து ஐந்து நிமிடம் குறைக்கப் படாதபாடு படுவதைவிடச் சைக்கிளில் அந்த நேரத்தைப் போடுவது லாபம். என்னை மாதிரி 58 நிமிடத்தில் தள்ளாடி ஏறுகிறவர்களுக்கு அப்படி இல்லை. அங்கே குறைவது நிமிடம் மட்டுமில்லை, சைக்கிளில் ஏறும்போது உடம்பில் மிச்சம் இருக்கிற தெம்பு அப்படியே வேறு. அதோடு, வாரத்துக்கு ஒரே நாள் இரண்டு மணி நேரம் நீந்துவதில் பிரயோசனமே இல்லை. மூன்று நாள் முக்கால் மணி நேரமே மேல், தண்ணீர்ப் பழக்கம் சீக்கிரம் மறந்துபோகும்.

எட்டு மாதம் கழித்து 400 மீட்டர் 9:04, 200 மீட்டர் 4:20. கணக்குப் போட்டால் 2:22. அடுத்த போட்டியில் 47 நிமிடத்தில் வெளியே வந்தேன், கால் நடுங்கவில்லை, சைக்கிள்கள் நிறையவே தொங்கிக்கொண்டிருந்தன. ஆன்டிக்கு வாட்ஸ்ஆப்பில் நேரத்தை அனுப்பினேன். “2:15” என்று மட்டும் பதில் வந்தது.

போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது மழை நன்றாகப் பெய்து பெரியப்பா கிணறு பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. அண்ணன் மகன் மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போய்த் திரும்பியதும் முகம் வெளிறிப்போய்க் கேட்டான், “சித்தப்பா, ஏன் தலையத் தூக்கவே மாட்டேங்கிறீங்க? முங்கிட்டீங்களோன்னு பயந்துட்டேன்.” அவனிடம் என்னத்தைச் சொல்ல. பத்து கை போட்ட கிணறு, இப்போது ஏழு.