அல்சைமர் ஆராய்ச்சியில வாலன்டியரா சேர்ந்தா என்னென்ன நடக்கும்

எங்கம்மா அல்சைமர்லதான் போனாங்க. அதுக்கப்புறம் ஒரு நியூராலஜிஸ்ட் நடத்துற ஆராய்ச்சியில, வயசாக ஆக மூளை எப்படி மாறுதுன்னு வருஷா வருஷம் பாக்குற ஆராய்ச்சி, அதுல நானும் ஒரு ஆளா சேர்ந்துட்டேன். எனக்கு மறதி எதுவும் இல்ல, அதாவது இல்லைன்னு நானே சொல்லிக்கிறேன். விஷயம் தெரிஞ்சவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது முதுகுல ஊசி குத்துவாங்களாமேன்னுதான். குத்துவாங்க, ஆனா அதை விட வேற ஒண்ணு என்னை ஆட்டிப் பாத்துச்சு.

முதல்ல ஒப்புதல் படிவம், பக்கம் பக்கமா படிச்சுக் காட்டி புரிஞ்சுதான்னு திருப்பிக் கேப்பாங்க. எப்ப வேணா விலகிக்கலாம், அது சரி, ஆனா ரிசல்ட்டை உங்ககிட்ட சொல்லுவாங்களான்னு அந்தப் பக்கத்தை நிதானமா படிங்க, பல ஆராய்ச்சியில சொல்றதே இல்ல. அப்புறம் உங்களை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரும் கூட வரணும், ஸ்டடி பார்ட்னர்னு பேரு. தனியா இருக்குறவங்களுக்கு இது ஒண்ணே பெரிய தடை. எனக்கு வீட்டுக்காரர் வந்தாரு.

ஞாபக டெஸ்ட்டுல மோகான்னு ஒண்ணு, 30 மார்க், கடிகாரம் வரையணும், 100ல இருந்து ஏழு ஏழா கழிக்கணும், 26 இல்ல அதுக்கு மேல எடுத்தா நார்மல். அதெல்லாம் ஓடிடும். அடுத்து 15 வார்த்தை லிஸ்ட், அஞ்சு தடவை வாசிச்சு அஞ்சு தடவையும் நம்மளச் சொல்ல வச்சு, நடுவுல வேற ஒரு லிஸ்ட்டை உள்ள விட்டுக் குழப்பி, அரை மணி நேரம் வேற ஏதோ வேலை குடுத்துட்டு திடீர்னு அந்தப் பழைய லிஸ்ட்டைச் சொல்லுங்கம்பாங்க பாருங்க, அங்க வேர்த்துடுச்சு. டெஸ்ட் எடுக்குற பொண்ணு மூஞ்சியில ஒரு அசைவும் இருக்காது, சரியா தப்பான்னு ஒண்ணும் தெரியாது. டாக்டர் பின்னாடி சொன்னாங்க, மறந்துட்டீங்களாங்கிறதை விட, குறிப்பு குடுத்தா திரும்ப வருதான்னுதான் பாக்குறோம்னு. வயசுனால வர்ற மறதின்னா ஒரு குறிப்பு குடுத்தா பெரும்பாலும் வந்துடும், அல்சைமர்ல விஷயம் உள்ள பதியவே பதியாது, அப்புறம் எங்கேர்ந்து வர்றது.

இதே நேரத்துல பக்கத்து ரூம்ல வீட்டுக்காரரை உக்கார வச்சு என்னைப் பத்தி விசாரிக்கிறாங்க. கணக்கு வழக்கு பாத்துக்குறாங்களா, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றாங்களா, தெரிஞ்ச வழியில குழம்புறாங்களா. போன வாரம் வீட்டுல நடந்த ஏதாவது ஒரு விஷயத்தை அவர்கிட்ட விவரமா கேட்டு எழுதிக்கிட்டு, அதையே அப்புறம் என்கிட்ட கேட்டு ஒத்துப்போகுதான்னு பாக்குறாங்க. படிச்சவங்க, பேச்சு சாமர்த்தியம் உள்ளவங்க பேப்பர் டெஸ்ட்டை எப்படியாவது சமாளிச்சுடுவாங்களாம், கூட இருக்குறவங்க கண்ணுக்குத்தான் மாத்தம் முதல்ல தெரியுமாம். கார்ல வரும்போது என்னங்க சொன்னீங்கன்னு கேட்டேன். "உள்ளதைத்தான் சொன்னேன்"னாரு. அவ்ளோதான், அதுக்கு மேல வாயைத் திறக்கல. அதுக்கப்புறம் சாவியைக் காணோம்னா அவர்கிட்ட கேக்கவே யோசனையா இருந்துச்சு, கேட்டா அடுத்த வருஷம் அதுவும் ஃபைல்ல ஏறிடுமே. இதோட பாத்தா ஊசியெல்லாம் எனக்கு ஒண்ணுமே இல்ல.

ஊசி விஷயம் இதுதான், மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி இருக்குற திரவத்தை எடுக்கத்தான் அது: ஒருக்களிச்சுப் படுத்து முழங்காலை வயித்தோட மடக்கிக்கணும். மரத்துப்போற மருந்து போடும்போது சுள்ளுனு இருக்கும், அப்புறம் ஒரு அழுத்தம் மட்டும்தான். தண்டுவடம் மேலயே முடிஞ்சிடுது, ஊசி போடுறது அதுக்குக் கீழ, அதனால தண்டுவடத்துல படாது. திரவம் தண்ணி மாதிரி தெளிவா சொட்டுச் சொட்டா விழுது, உறிஞ்சி எடுக்குறது கூட இல்ல. பிடிக்கிற குழாய் கூட பாலிப்ரோப்பிலீன்லதான் இருக்கணுமாம், கண்ணாடின்னா அமிலாய்டு, அதாவது அல்சைமர்ல மூளையில படியுற புரதம், சுவத்துல ஒட்டிக்கிட்டு அளவு குறைச்சுக் காட்டுமாம். உடம்பு ஒரு நாளைக்கு அரை லிட்டர் வரைக்கும் இந்தத் திரவத்தைப் புதுசா ஊற வைக்குது, எடுத்தது சீக்கிரமே நிரம்பிடும். சிலருக்குத் தலைவலி வரும், எழுந்து உக்காந்தா கூடும், படுத்தா குறையும். எனக்கும் வந்துச்சு, போயிடுச்சு. இப்ப அல்சைமரைக் காட்டிக் குடுக்குற ஒரு புரதத்தை அளக்குற பி-டாவ்217னு ரத்த டெஸ்ட் நல்லா வந்துட்டதால இனிமே சேர்றவங்களுக்கு இது குறையலாம்.

எம்ஆர்ஐ வெறும் சத்தம்தான். மூளையில அமிலாய்டு இருக்கான்னு படம் பிடிக்கிற பெட் ஸ்கேனுக்கு நேரத்துக்குப் போயிடணும், அதுல போடுற கதிரியக்க ஃப்ளோரின் 18 ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாதியா கரைஞ்சிடும். மருந்து மூளைக்கு ஏறக் காத்துக்கிட்டு இருந்தப்ப டாக்டர் அவங்க கதையைச் சொன்னாங்க. அவங்க படிச்ச காலத்துல இந்த நோயை உறுதியா சொல்லணும்னா ஆள் இறந்தப்புறம் மைக்ரோஸ்கோப்ல பாத்தாத்தான் உண்டு, 1906ல அலோய்ஸ் அல்சைமர் பண்ணினாரே அதே மாதிரி. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல உருவாக்கின மருந்தை வச்சு உயிரோட இருக்குறவங்க மூளையிலயே அமிலாய்டைப் படம் பிடிச்சு 2004ல வெளியிட்டப்பதான் இனி இதை விட்டு வேற எதுக்கும் போறதில்லைன்னு முடிவு பண்ணாங்களாம். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா மருந்து மேல மருந்து தோத்துச்சு. 2023ல லெகானெமாப்னு அமிலாய்டை அகத்துற மருந்து அமெரிக்காவுல முழு அனுமதி வாங்குச்சு, அதுவும் 18 மாசத்துல சரிவை 27% மெதுவாக்குது, அவ்வளவுதான், சிலருக்கு மூளையில வீக்கம், ரத்தக் கசிவும் வருது. "நான் ரிட்டையர் ஆகுறதுக்குள்ள இவ்ளோவாவது பாத்தேனே"ன்னாங்க. ஒரு வேலையில இவ்ளோ பொறுமையா எப்படித்தான் இருக்காங்களோ.

நல்லா இருக்குற நான் எதுக்குன்னும் கேட்டேன். அறிகுறி வர்றதுக்கு 15, 20 வருஷம் முன்னாடியே அமிலாய்டு சேர ஆரம்பிச்சிடுதாம். அமெரிக்காவுல 678 கன்னியாஸ்திரிகளை வச்சு நடந்த ஆராய்ச்சியில, மூளை பூரா நோயோட அடையாளம் இருந்தும் கடைசி வரைக்கும் தெளிவா இருந்தவங்க இருந்திருக்காங்க. அவங்களைக் காப்பாத்தினது எதுன்னு நல்லா இருக்குற மூளையிலதான தேடணும்.

ஸ்கேன் ரிசல்ட் வேணுமான்னு கேட்டாங்க, வேணாம்னுட்டேன். பாசிட்டிவ்னாலும் நோய் வந்தே தீரும்னு இல்ல, அறிகுறி இல்லாதவங்களுக்கு மருந்தும் குடுக்குறதில்ல. அல்சைமர் வர்ற வாய்ப்பைக் கூட்டுற ஏபிஓஈ4 ஜீன் எனக்கு இருக்காங்கிறதும் வேணாம், அது எனக்கு மட்டும் இல்ல, பிள்ளைங்களுக்கும் சேர்த்துச் சொல்ற சேதி. வீட்டுக்காரர் தெரிஞ்சுக்கிட்டா என்னங்கிறாரு, அது இன்னும் பேசி முடியல.

மூளை தானத்துக்குப் படிவம் தனி. இறந்த கொஞ்ச மணி நேரத்துல எடுத்தாத்தான் உருப்படியா இருக்கும், அதனால யாருக்கு போன் பண்ணணும்னு பிள்ளைங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். பொண்ணு நம்பரை வாங்கி சேவ் பண்ணிக்கிட்டா. பையன் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுறான்.