கனசதுரத்துக்குள் கனசதுரம்: மூங்கில் குச்சியில் செய்து பார்த்தது

ஒரு கனசதுரத்தில் துளை போட்டு, அதே அளவுள்ள இன்னொன்றை அதன் வழியே நுழைத்து எடுக்க முடியுமா? முடியும் என்று 17ஆம் நூற்றாண்டில் பந்தயம் கட்டி ஜெயித்தவர் இளவரசர் ரூபர்ட், இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் அக்கா மகன். கணிதர் ஜான் வாலிஸ் இதை எழுதி வைத்திருக்கிறார்.

தெர்மாகோலில் துளைத்தால் ஓரங்கள் நொறுங்கும். அதனால் 2 மி.மீ. மூங்கில் குச்சிகளை 10 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி, முனைகளில் எம்-சீல் வைத்துச் சட்டகம் செய்தேன். பன்னிரண்டு விளிம்பு, எட்டு முனை.

துளை எந்தத் திசையில் என்பதில்தான் சூட்சுமம். கீழ்த்தளத்தில் ஏதாவது ஒரு முனையை எடுத்து, அதிலிருந்து கிளம்பும் கீழ்க் குச்சிகள் இரண்டிலும் 7.5 செ.மீ.யில் புள்ளி வைக்க வேண்டும். அதற்கு நேர் எதிரே, மேல்தளத்தில் உள்ள முனையிலும் அப்படியே. செங்குத்துக் குச்சிகளில் புள்ளி கிடையாது. நான்கு புள்ளிகளையும் நூலால் இணைத்தால் சாய்ந்த ஒரு சதுரம். பக்கம் 10.6 செ.மீ., சட்டகத்தின் பக்கத்தைவிடப் பெரிது! கீழ்ப்பக்கம் 7.5 × √2. சாய்ந்த பக்கம் 2.5, 2.5, 10 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தது, இரண்டும் ஒன்றே. மூலைவிட்டம் சரியாக 15 செ.மீ.; ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வைத்தால் முனைக்கு முனை பொருந்துகிறது. இதற்கு மேல் பெரிய சதுரம் கனசதுரத்துக்குள் அடங்காது. கண்டுபிடித்த டச்சுக்காரர் பீட்டர் நியூலாந்த் 1794இலேயே 30 வயதில் இறந்துவிட்டார். விடை அச்சேறியது 1816இல்.

பிறகு இரண்டு முனைகளை வெட்டினேன்: தேர்ந்தெடுத்த கீழ்முனைக்கு நேர் மேலே உள்ளது ஒன்று, மேல்முனைக்கு நேர் கீழே உள்ளது மற்றது. முனைக்கு மூன்றாக ஆறு குச்சிகள் போய், மீதி ஆறும் வளைந்து நெளிந்த ஒரு வளையமாக நின்றன. நூலை அவிழ்த்துவிட்டு, கெட்டி அட்டையில் செய்த 10 செ.மீ. கனசதுரத்தை நூல் இருந்த தளத்துக்குச் செங்குத்தாகத் தள்ளினேன். தடையில்லாமல் போனது.

10.3 செ.மீ. பெட்டியும் போயிற்று. வளையத்தின் குச்சிகளைவிட நீளமான பக்கம் அது. கண்முன் நடந்தும் மனசு ஒப்பவில்லை. 10.5 சிக்கிக்கொண்டது. கணக்குப்படி இடமுண்டு, குச்சியின் தடிமன்தான் அதைத் தின்றுவிடுகிறது. 1 மி.மீ. கம்பியில் வளையம் செய்தால் அதுவும் நுழைய வேண்டும். விறைப்பான கம்பிதான் இன்னும் அமையவில்லை.