அட்டைப் பெட்டியும் அறுபது வாட்டும்

நவம்பர் 3, திங்கள்

நாலு நாள் மழையில் மாடித் தொட்டிப் புதினா காடாகிவிட்டது. துவையல், சட்னி, சாதம் எல்லாம் செய்து வீடே அலுத்துப்போயிற்று. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் நாலாம் நாள் கருத்து நீர்விடுகிறது. சரி, காயவைத்துப் பொடி செய்துவிடலாம் என்று இறங்கினேன். ஐப்பசியில், சென்னையில், துவைத்த ஜீன்ஸே மூன்று நாள் ஈரமாகத் தொங்கும் வீட்டில்.

காம்போடு 420 கிராம், ஆய்ந்தபின் இலை மட்டும் 240. அலசி முறத்தில் பரப்பியதும் பளிச்சென்று வெயில் வந்தது. ஆசையாக மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு மணி நேரத்தில் இலையெல்லாம் சாயம்போன துணி மாதிரி வெளிறிவிட்டது. முகர்ந்தால் வைக்கோல் வாசம். மூன்றரைக்குத் தூறல் வேறு.

நவம்பர் 4, செவ்வாய்

கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன். "இலையைப் போய் வெயில்ல போடுவாளா? வடாமா பிழியறே?" என்று கேட்டார். நிழல்தானாம். வெயிலில் பச்சையும் போகும், வாசனை எண்ணெயும் பறந்துவிடும்.

புதிதாகப் பறித்து, ஈரத்தை வேட்டித் துணியில் சுருட்டிப் பிழிந்து, கட்டிலில் விரித்து ஃபேனைப் போட்டேன். அந்தப் பிழிந்ததுதான் தப்பு. சாயங்காலம் பார்த்தால் கசங்கிய இடமெல்லாம் கறுப்பு. நறுக்கி வைத்த வாழைக்காய் கருப்பதும் இப்படித்தான்: நசுங்கிய இடத்தில் இலைக்குள் இருக்கும் நொதி காற்றைத் தொட்டதும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஒற்றி எடுக்க வேண்டும், பிழியக் கூடாது.

இரவு படுக்க இடமில்லை. கட்டில் முழுக்கப் புதினா. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

நவம்பர் 6, வியாழன்

ஃபேன் காற்றில் ஒன்றரை நாளாகியும் இலை துவண்டுதான் கிடக்கிறது. வறண்ட காற்றில்லை, ஈரக் காற்றையே சுற்றிச் சுற்றி வீசினால் என்ன ஆகும்? ஃப்ரிட்ஜ் பின்னால் சூடாக இருக்குமே என்று எட்டிப் பார்த்தேன். பழைய ஃப்ரிட்ஜில் இருந்த கம்பிச் சுருள் இதில் வெளியே தெரியவில்லை, பக்கச் சுவர்தான் லேசாகச் சுடுகிறது.

மிக்ஸி வந்த அட்டைப் பெட்டி பரணில் இருந்தது. உள்ளே ஒரு பல்பு போடலாம். எல்இடி ஆகாது, அதில் சூடு போதாது. 60 வாட் குண்டு பல்பு தேடி மூன்று கடை ஏறினேன். மூன்றாவது கடைக்காரர், "கோழிக்குஞ்சா மேடம்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். புதினாவுக்கு என்று விளக்குவதைவிட அது சுலபம்.

பல்பை பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன், அட்டையில் படக்கூடாது. மேலே ஓட்டையான மாவு சல்லடையைக் கவிழ்த்தேன், இலை உதிர்ந்து பல்பில் விழாமலிருக்க. அதற்கு மேல் உடைந்த போட்டோ பிரேமில் கொசுவலை கட்டிய தட்டு. பெட்டியை இறுக மூடினேன். மீன்தொட்டியிலிருந்து எடுத்த வெப்பமானி 49 காட்டியது. பெருமையாக இருந்தது. திறந்தால் குப்பென்று ஆவி. மூடியின் உள்பக்கம் வேர்த்திருந்தது, இலை வெந்த கீரை.

நவம்பர் 7, வெள்ளி

சூடு இருந்தது, ஈரம் வெளியேற வழியில்லை. அடியில் நான்கு பக்கமும் ரூபாய் அளவு ஓட்டை, மேலே மூடியில் உள்ளங்கை அளவு திறப்பு. சூடான காற்று மேலே போகும்போது கீழிருந்து புதுக்காற்றை இழுத்துக்கொள்ளும். கணக்கும் போட்டுப் பார்த்தேன்: 27 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. மழைநாளில் வெயில்காலக் காற்று! ஓட்டை போட்டு, புதிதாகப் பறித்த இலையைப் பரப்பியதும் சூடு 41-க்கு வந்தது. அது போதும். அதற்குமேல் போனால் வாசனைதான் முதலில் கிளம்பும்.

படுக்கும்போது அணைத்துவிட்டேன். அட்டை, பல்பு, தூக்கம் மூன்றும் சேரக் கூடாது.

நவம்பர் 8, சனி

ஆயிற்று! காலையில் மறுபடி போட்டேன், மதியம் இரண்டு மணிக்கு ஓர் இலையை எடுத்து நடு நரம்பில் மடித்தேன். மடியவில்லை, 'டக்' என்று ஒடிந்தது. நிறம் கரும்பச்சை. விரலில் நொறுக்கியதும் மூக்கில் ஏறியது பச்சைப் புதினா வாசம், வைக்கோல் இல்லை. 200 கிராம் போட்டதில் கிடைத்தது 31 கிராம். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்கூட நிறையவில்லை.

நவம்பர் 10, திங்கள்

முருங்கைக்கீரை. நேற்றிரவே கொத்துக் கொத்தாகத் துணியில் சுற்றி மூலையில் வைத்துவிட்டேன். காலையில் உதறினால் இலை தானாக உதிர்ந்தது. சின்ன இலை, சீக்கிரம் காய்ந்தது. கறிவேப்பிலை அதைவிடச் சமர்த்து. துளசியைப் பெட்டியில் போடவில்லை, கொத்தாகக் கட்டித் தலைகீழாகப் பூஜை அறை ஆணியில் தொங்குகிறது.

நவம்பர் 12, புதன்

ஓமவல்லி. கீற்றுக் கீற்றாக வெட்டிப் போட்டு இரண்டு நாள் ஆகிறது, செருப்புத் தோல் மாதிரி வளைகிறதே தவிர ஒடியவில்லை. இலை முழுக்கத் தண்ணீர். தொட்டியில் மிச்சமிருந்ததைப் பறித்து பஜ்ஜி போட்டுவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பாட்டில்களைத் திறக்காமல் ஒரு வாரம் கவனிப்பதாக இருந்தேன். புதினா பாட்டில் கண்ணாடி தெளிவு. முருங்கை பாட்டிலின் தோளில் மட்டும் மெல்லிய பனி. அவசரத்தில் காம்பைச் சரியாக எடுக்கவில்லை போலிருக்கிறது. விட்டிருந்தால் பூசணம்தான். எல்லாவற்றையும் தட்டில் கொட்டி இன்னொரு மூன்று மணி நேரம் பெட்டியில் வைத்தேன்.

அம்மாவுக்குப் பெட்டியின் போட்டோ அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். "நம்மாத்து அடுப்புக்கு மேலே பரண் இருந்ததே, ஞாபகம் இருக்கா? பாட்டி அதுலதான் தொங்கவிடுவா. கீழ சூடு, மேல ஓட்டுல சந்து."

கேட்டுக்கொண்டே மூடியின் திறப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த பொட்டலம் புதினா கும்பகோணத்துக்கு.