அழித்த மச்சம்

போன வாரம் ஒரு மத்தியானம், தங்கச்சிமடத்தில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்குப் பாம்பன்காரத் தங்கச்சி ஒருத்தி மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது நான்தான், 2012-ல்.

"அண்ணே, எங்க கல்யாண போட்டோவோட பழசு இருக்கா?"

"ஏம்மா, ஆல்பம் தொலைஞ்சுபோச்சா?"

"ஆல்பம் இருக்குண்ணே. அதுல எனக்கு மச்சம் இல்ல."

மேலுதட்டுக்கு மேலே, இடது பக்கம், மிளகு அளவுக்கு ஒரு மச்சம் அவளுக்கு. மகளுக்கும் அதே இடத்தில் அச்சடித்த மாதிரி. பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுகிறார்களாம். "எனக்கும்தான்டி இருக்கு" என்று அம்மா சொன்னதற்கு, "நல்லா இருந்தா கல்யாணத்துல ஏன் அழிச்சே?" என்று கேட்டிருக்கிறாள் பிள்ளை.

அதை அவள் அழிக்கச் சொல்லவே இல்லை. யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் முகம் என்றாலே எனக்குக் கை தன்னால போட்டோஷாப்பில் தோலின் குறைகளை அழிக்கும் ஹீலிங் பிரஷுக்குப் போய்விடும். பரு, தழும்பு, மச்சம் எல்லாம் ஒரே கணக்கு. நிறத்தையும் ரெண்டு படி ஏற்றிவிடுவேன். கடலில் கிடந்து கறுத்த மாப்பிள்ளைகள் எல்லாம் என் ஆல்பத்தில் மாவு பூசியவர்கள்தான்.

அது மீன்பிடித் தடைக்காலக் கல்யாணம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் எங்கள் பக்கம் கல்யாணம் கூடும். அப்போது தடை 45 நாள், இப்போது 61. தனுஷ்கோடிக்கு அன்றைக்குத் தார் ரோடு கிடையாது. மணலில் வேன் ஏறி, குலுங்கிக் குலுங்கிப் போய், 1964 புயலில் இடிந்த சர்ச் பக்கம் ஜோடியை நிறுத்தி எடுத்தேன். ஒரு நாளில் நாலு கல்யாண வேலை. டச்சப் முடித்து, அதே ஃபைல் மேலேயே சேவ் அடித்து மூடிவிட்டேன்.

அங்கேதான் தப்பு. செய்ததைத் திருப்ப கன்ட்ரோல் இசட் இருக்கிறது, ஹிஸ்டரி இருக்கிறது என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். போட்டோஷாப் ஹிஸ்டரி, ஃபைலை மூடியதும் போய்விடும். 'ரிவர்ட்' கடைசியாக சேவ் செய்த நிலைக்குத்தான் கொண்டுபோகும். அழித்துவிட்டு சேவ் பண்ணியிருந்தால், அது திருப்பித் தருவது அழித்த முகத்தைத்தான். கேமரா கார்டோ, அடுத்த கல்யாண வேலைக்காக ஃபார்மேட் ஆகிவிட்டது.

"இருக்காதும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய ஹார்டு டிஸ்கை எடுத்தேன். உப்புக்காற்றில் யூஎஸ்பி முனை பச்சை பூத்திருந்தது. பென்சில் அழிரப்பரால் தேய்த்துச் செருகினேன். முதல் தடவை டிக் டிக் என்றது, அவ்வளவுதான். கேபிளை மாற்றினேன். மூன்றாம் தடவை சுற்ற ஆரம்பித்தது.

ஃபோல்டரில் டச்சப் ஆன படங்கள் மட்டும். பார்த்துக்கொண்டே இருக்கும்போதுதான் பிகாசா ஞாபகம் வந்தது. கூகுள் 2016-ல் கைவிட்டதே, படங்களைப் பார்க்கவும் திருத்தவும் உதவிய அந்த பிகாசாதான். அதில் ஒரு நல்ல குணம்: ஏதாவது திருத்தி சேவ் கொடுத்தால், அசலை அதே இடத்தில் 'பிகாசா ஒரிஜினல்ஸ்' என்ற மறைவு ஃபோல்டருக்குள் போட்டு வைத்துவிடும். அப்போதெல்லாம் சாய்ந்த படங்களை முதலில் பிகாசாவில் நேராக்கிவிட்டுத்தான் முகத்துக்கு போட்டோஷாப் போவேன்.

விண்டோஸில் மறைவான ஃபைல்களைக் காட்டச் சொல்லி டிக் அடித்தேன். மங்கலாக ஒரு ஃபோல்டர் வந்தது. உள்ளே 31 படம். சாயாமல் எடுத்ததெல்லாம் போயே போய்விட்டது. கை ஆடி எடுத்தது மட்டும் பிழைத்திருக்கிறது!

சர்ச் படத்தைத் திறந்தேன். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். நெற்றியில் வியர்வை, மூக்கோரம் மணல், உதட்டுக்கு மேலே மச்சம். கீழே மணலில் ரெண்டு ஜோடி செருப்பு. அதையும் நான்தான் அழித்திருக்கிறேன், மறந்தே போயிருந்தேன்.

பிள்ளை திரையில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அதே விரலைத் தன் உதட்டுக்கு மேலே வைத்துக்கொண்டாள். "அப்பா ஒல்லியா இருக்காங்க" என்றாள்.

இப்போது நான் அசலைத் தொடுவதே இல்லை. காப்பி எடுத்து, அதிலும் படத்துக்கு மேலே கண்ணாடித்தாள் மாதிரி தனி லேயர் போட்டுத்தான் பிரஷ் எடுப்பேன். வேண்டாம் என்றால் லேயர் பக்கத்தில் இருக்கும் கண் குறியை அணைத்தால் போதும். லைட்ரூம் என்ற இன்னொரு படத்திருத்த மென்பொருளில் இந்தக் கவலையே இல்லை. அது படத்தைத் தொடாமல், என்னென்ன செய்தோம் என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும். 'ரீசெட்' அடித்தால் பழையபடி. அன்று இந்த மெனக்கெடல் எனக்கு இல்லை.

பத்துக்குப் பன்னிரண்டில் பிரின்ட் போடவா என்று கேட்டேன். தங்கச்சி கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். பின்னால் கடல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

"செருப்பு இருக்கட்டும்ணே. கடலை மட்டும் நேராக்கிக் குடுங்க."