வெட்டத் தோதான திகில் இசை

சீரியலுக்கும் படத்துக்கும் உரிமம் கொடுக்கிற சஸ்பென்ஸ் இசையில் மெட்டு இரண்டாம்பட்சம். எடிட்டர் எங்கே கத்தரி வைத்தாலும் தையல் தெரியக்கூடாது, அவ்வளவுதான். புதுச்சேரியில் ஒரு படுக்கையறையை ஸ்டூடியோவாக்கி லைப்ரரிகளுக்கு (இசையைச் சேர்த்து வைத்து உரிமம் விற்கிற நிறுவனங்களுக்கு) அனுப்பிய டிராக்குகளில் திரும்பி வந்தவை இசை பிடிக்காமல் வந்தது குறைவு. நீளத்திலும் ஸ்டெம்மிலும் (கருவி வாரியாகப் பிரித்த ஃபைல்கள்) காகிதத்திலும்தான் அடி விழுந்தது.

டெம்போவைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். முழு டிராக்கோடு 60, 30, 15 விநாடி வெட்டுகளும் கேட்பார்கள். நாலு பீட் கொண்ட பாரில் (தாளச் சுற்றில்) 90 பி.பி.எம், அதாவது நிமிடத்துக்கு 90 பீட் வைத்தால் 30 விநாடி என்பது பதினொன்றேகால் பாரில் போய் நிற்கும். 64 வைத்தால் ஒரு பார் சரியாக 3.75 விநாடி, 15-க்கு 4 பார், 30-க்கு 8, 60-க்கு 16. நாடித் துடிப்புக்கும் பொருந்துகிற வேகம். ஓட்டம் போதாவிட்டால் ஆஸ்டினாட்டோவை (திரும்பத் திரும்ப வரும் சிறு துணுக்கை) இரட்டிப்பு வேகத்தில் விடலாம். 96-ம் தோதுதான், பார் 2.5 விநாடி.

இதிலும் ஒரு பொறி உண்டு. எட்டு பாரும் நிறைகிற இடத்தில் கடைசி அடியைப் போட்டால் ரிவெர்ப் வால் (அடிக்குப் பின் நீளும் எதிரொலி) 30 விநாடியைத் தாண்டிவிடும். எட்டாம் பாரின் மூன்றாம் பீட்டில், அதாவது 28.1 விநாடியில் அடித்து முடித்தால், வால் அடங்க 1.9 விநாடி கிடைக்கும். தேய்ந்து மறைகிற முடிவு எடிட்டருக்கு உதவாது.

சுரம் தேடி வெளியே போக வேண்டாம். சட்ஜ டிரோன் (விடாமல் ஒலிக்கும் ச) மேல் அதை ஒட்டிய சுத்த ரிஷபத்தை வைத்தாலே உரசும். பிரதி மத்திமம் இன்னொரு கத்தி. 37 முதல் 72 வரையான மேளகர்த்தா (தாய்) ராகங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. கனகாங்கி ராகத்தில் ச, ரி, க மூன்றும் அடுத்தடுத்த அரைச்சுரங்கள். அவற்றை மூன்று வயலினுக்குப் பிரித்துக் கொடுத்து, வில்லைக் குதிரைக்கு (தந்தியைத் தாங்கும் கட்டைக்கு) பக்கத்தில் வைத்து மெதுவாக நடுங்க விட்டால் போதும். கமகம் மட்டும் கூடாது. ஒரு அசைவு வந்தாலும் அது ராகமாகிவிடும், கேட்பவருக்குக் கச்சேரி ஞாபகம் வந்துவிடும். பஞ்சமத்தில் இறங்கி இளைப்பாறுவதும் வேண்டாம்.

எங்கள் பக்கத்து ஒலி என்றால் உறுமிதான். வளைந்த குச்சியால் தேய்க்கிற பக்கத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் சாய்வாக மைக். நேர் எதிரே வைத்தால் குச்சி உரசும் சத்தம்தான் விழும், உறுமல் விழாது. 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். பிறகு ஒரு ஸ்தாயி கீழே இறக்கினாலும் மேல் ஒலிகள் மழுங்காது. இறக்கிய உறுமல் எந்த சின்தசைசரிலும் கிடைக்காத அடிவயிற்றுக் கலக்கம். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்றில் தோல் இளகி, ஒரே டேக்கின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சுருதி மாறும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கயிற்றைப் பாருங்கள். கடற்கரையை ஒட்டிய தெருவில் வீடு என்றால் அலைச் சத்தத்தை ஈக்யூவால் (அலைவரிசை வாரியாகக் கூட்டிக் குறைக்கும் கருவியால்) வடிகட்ட முடியாது, அது எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கும். உள்ளறையில், மெத்தையைச் சன்னலில் சாத்தி, ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் பதிவதே வழி. (ஃபிரிட்ஜை மறுபடி போட மறக்காதீர்கள், மீன் இருக்கும்.)

மிக்ஸில் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் விடுங்கள். வசனம் உட்காரும் இடம் அது. அங்கே பளீரென்று பியானோ வைத்தால் சவுண்ட் என்ஜினீயர் மொத்த டிராக்கையும் கீழே இழுத்துவிடுவார். அனுப்புகிற ஃபைல் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV).

ஸ்டெம்தான் அதிகம் சொதப்புகிற இடம். டிரோன், தந்தி, தாளம், எஃபெக்ட் என்று நாலு போதும்; எல்லாம் ஒரே பூஜ்ஜியப் புள்ளியில் தொடங்க வேண்டும். அனுப்பும் முன் நாலையும் சேர்த்து, முழு மிக்ஸின் ஃபேஸைத் திருப்பிப் போட்டு (ஒலி அலையைத் தலைகீழாக்கி) ஓட்டிப் பாருங்கள். நிசப்தம் வந்தால் சரி. ஏதாவது கேட்டால், பெரும்பாலும் மாஸ்டரில் லிமிட்டரை (ஒலி உச்சத்தை அடக்கும் கருவியை) அணைக்காமல் விட்டிருப்பீர்கள். பொதுவான ரிவெர்ப் எந்த ஸ்டெம்மிலும் சேராமல் போவதும் உண்டு.

விலைக்கு வாங்கிய லூப்பை (தயாராகக் கிடைக்கும் இசைத் துணுக்கை) தனியாக ஒலிக்க விடாதீர்கள். பல சாம்பிள் உரிமங்கள் அதைத் தடுக்கின்றன. அதே லூப்பை வேறொருவர் கன்டென்ட் ஐடியில் (யூடியூபின் பதிப்புரிமை கண்டறியும் அமைப்பில்) ஏற்றியிருந்தால், உங்கள் டிராக்கைப் போட்ட சேனலுக்கு யூடியூபில் உரிமைக் கோரல் போகும். அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

ஒப்பந்தத்துக்கு முன்பே ஐ.பி.ஆர்.எஸ் (இந்திய இசை ராயல்டிச் சங்கம்) உறுப்பினராகி ஐ.பி.ஐ எண்ணை (இசையமைப்பாளரை அடையாளம் காட்டும் சர்வதேச எண்) வாங்கிவிடுங்கள். ஒளிபரப்பு ராயல்டி கியூ ஷீட்டை (நிகழ்ச்சியில் ஒலித்த இசையின் பட்டியலை) வைத்துத்தான் வருகிறது. 'சஸ்பென்ஸ் 1' என்று பெயர் வைத்தால் அதே பெயரில் இருக்கிற ஏராளமான டிராக்குகளோடு கலந்து காணாமல் போகும். பிரான்ஸில் சொந்தம் உள்ளவர்கள் அங்குள்ள ராயல்டிச் சங்கமான சாசெமில் சேரலாமா என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். சேரலாம், ஆனால் ஒரே நிலப்பரப்பின் உரிமையை இரண்டு சங்கத்துக்கும் எழுதிக் கொடுத்தால் இரண்டு பக்கமும் பணம் நிற்கும்.

லைப்ரரியில் வழக்கமான பங்கு இசையமைப்பாளருக்குப் பாதி, பதிப்பாளருக்குப் பாதி. 'எழுத்தாளர் பங்கும் எங்களுக்கே' (அதாவது இசையமைப்பாளரின் பாதியும்) என்ற வரி கண்ணில் பட்டால் பேனாவை மூடுங்கள். இந்தியாவில் 2012 பதிப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு அந்த ராயல்டி உரிமையை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது.

அமெரிக்க லைப்ரரி என்றால் டபிள்யூ-8 பென் (W-8BEN) என்ற வரிப் படிவம் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் 30 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். பான் எண்ணோடு வரி ஒப்பந்தப் பிரிவையும் நிரப்பிக் கொடுத்தால் ராயல்டிக்கு 15. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31-ல் அந்தப் படிவம் காலாவதியாகும். நினைவூட்டல் வரும் என்று நம்பி இருக்காமல் காலண்டரில் குறித்து வையுங்கள்.