ஆபியா துறைமுகமும் 1889ஆம் ஆண்டுப் புயலும்

பசிபிக் தீவு நாடான சமோவாவின் தலைநகர் ஆபியாவின் துறைமுகம் வடக்கு நோக்கித் திறந்தது. பவளத்திட்டுகளுக்கு இடையே உள்ள குறுகிய வழியே அதன் வாயில் என்பதால், வடக்கிலிருந்து புயல் வீசினால் உள்ளே நிற்கும் கப்பல்கள் வசமாகச் சிக்கிக்கொள்ளும்.

1889 மார்ச்சில், தீவுகளின் மீதான ஆதிக்கப் போட்டியில் அமெரிக்காவின் மூன்று போர்க்கப்பல்களும் ஜெர்மனியின் மூன்று போர்க்கப்பல்களும் அங்கே முறைத்துக்கொண்டு நின்றன. பிரிட்டனின் கலியோபி என்ற போர்க்கப்பலும் இருந்தது. வானிலை மோசமாகிறது என்று தெரிந்தும், எதிரிக்கு இடம் விட்டுக்கொடுக்க மனமின்றி ஒருவரும் புறப்படவில்லை. மார்ச் 15, 16 தேதிகளில் தாக்கிய சூறாவளியில் அந்த ஆறு கப்பல்களும் உடைந்தோ கரைதட்டியோ போயின. ஜெர்மனியின் ஏபர் என்ற கப்பல் பவளத்திட்டில் மோதி நொறுங்க, ஆட்லர் என்ற மற்றொரு ஜெர்மன் கப்பலைப் பேரலை பவளத்திட்டின் மேலேயே தூக்கி எறிந்தது. கலியோபி மட்டும் தன் நீராவி எஞ்சினின் முழு வலிமையால் அங்குலம் அங்குலமாக முன்னேறி வெளிக்கடலை எட்டியது. தங்களைக் கடந்து சென்ற அதற்கு, செயலிழந்து நின்ற டிரென்டன் கப்பலின் அமெரிக்க மாலுமிகள் ஆரவாரம் செய்து வாழ்த்தினார்கள். 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது சமோவா மக்களின் செயல்தான். சில மாதங்களுக்கு முன் தங்களோடு போரிட்ட ஜெர்மானியர்களையும் சேர்த்தே, அவர்கள் கொந்தளிக்கும் அலைக்குள் இறங்கி இழுத்துக் கரை சேர்த்தார்கள். மீட்பில் முன்னின்ற ஆபியாவின் தலைவர் செயுமனுடாஃபாவுக்கு அமெரிக்க அரசு பின்னர் ஒரு படகைப் பரிசளித்தது.